பித்தப்பையை எடுப்பது போலத்தானா? 194 கிலோ தம்பிக்காக ஒரு கேள்வி

பிப்ரவரி 4, காலை 9.15 (கேள்வி)

என் தம்பிக்கு 34 வயது. எடை 194 கிலோ, உயரம் 176 சென்டிமீட்டர். சர்க்கரை நோய் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான். இரவில் குறட்டை திடீரென்று நின்று, மூச்சுத் திணறி, மறுபடி தொடங்குகிறது. இரைப்பையை வெட்டிச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார். “பித்தப்பையை எடுப்பது போலத்தான், பயப்பட ஒன்றுமில்லை” என்றார். எங்கள் சித்தப்பாவோ, “பெற்ற பிள்ளையைத் தெரிந்தே சாகக் கொடுக்கிறீர்கள்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டில் எது உண்மை? செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.50

செய்துகொண்டவன் நான். 2019-இல், 47 வயதில், 178 கிலோவில். டாக்டர் சொன்னதும் சரியில்லை, சித்தப்பா சொன்னதும் சரியில்லை. ஆனால் இருவரும் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

டாக்டரின் ஒப்பீட்டுக்கு ஆதாரம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு லாப்ரோஸ்கோப்பி மூலம், அதாவது சின்னத் துளைகள் வழியே, செய்யப்பட்ட இரைப்பைப் பைபாஸ்களின் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் முறை) பதிவுகளை அமெரிக்காவில் அலசிப் பார்த்தார்கள். சிக்கல்களின் விகிதம் பித்தப்பை நீக்கத்துக்கும் குடல்வால் நீக்கத்துக்கும் பக்கத்தில் இருந்தது. முதல் 30 நாள் இறப்பு முழங்கால் மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சையோடு ஒட்டி இருந்தது. அதெல்லாம் சராசரி. உங்கள் தம்பி சராசரியில் இல்லை. உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ) கணக்குப் போட்டேன்: 62.6. 40 தாண்டினாலே தீவிரப் பருமன். 50-க்கு மேலும் 60-க்கு மேலும் மருத்துவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் 58-இல் இருந்தேன்.

2009-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 4,776 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். மீதியை நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

பிப்ரவரி 5, காலை 6.20

தூக்கக் கலக்கத்தில் பத்து மடங்கு பேரைக் கொன்றுவிட்டேன். நூற்றுக்கு மூன்று அல்ல, ஆயிரத்துக்கு மூன்று. 0.3 சதவீதம். உங்கள் அம்மா அதைப் படித்திருந்தால் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். சித்தப்பா படித்திருந்தால் இதையும் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள்.

என் உடல் நிறை எண்ணும் 58 அல்ல. 178 கிலோ, 171 சென்டிமீட்டர்: 60.9. ஆறு ஆண்டுகள் கழித்தும் அந்த இரண்டு எண்ணைக் குறைத்துச் சொல்லத்தான் வாய் வருகிறது.

பிப்ரவரி 5, இரவு 9.30

அதே ஆய்வைப் பற்றி இன்னும் கொஞ்சம். இறப்பு 0.3 சதவீதம் என்றாலும், இறப்பு, ரத்தக் கட்டி, மறு அறுவை சிகிச்சை, ஒரு மாதமாகியும் வீடு திரும்ப முடியாத நிலை எல்லாவற்றையும் சேர்த்தால் 4.3 சதவீதம். ஏறக்குறைய 23 பேரில் ஒருவர். யாருக்கு ஆபத்து கூடியது என்பதையும் பார்த்தார்கள். முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவர்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள். எடை மிக உச்சத்தில் இருப்பவர்கள். நான்காவதாக வந்ததைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது: இருநூறு அடி நடக்க முடியாதவர்கள்.

இருநூறு அடி என்றால் அறுபது மீட்டர். அப்போது எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை அவ்வளவுதான் தூரம். அதை நடுவில் ஒரு முறை மதிலைப் பிடித்து நிற்காமல் என்னால் கடக்க முடியாது. யாராவது பார்த்தால் கைப்பேசியை எடுத்துப் பேசுவது போல நடிப்பேன்.

ஆகவே உங்கள் தம்பியின் எடையை நான் இனிக் கேட்கப்போவதில்லை. அவர் இருநூறு அடி நடப்பாரா? பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, காலை 7.05

நடுவே ஓர் அன்பர் கேட்கிறார்: “அந்த 0.3 சதவீதம் ஸ்லீவ், அதாவது இரைப்பையை வெட்டிச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்கும் பொருந்துமா?” நல்ல கேள்வி, எனக்கு உறைத்திருக்க வேண்டும். பொருந்தாது. அந்த எண் பைபாஸ் செய்தவர்களையும் இரைப்பையில் பட்டை மாட்டியவர்களையும் கொண்டு போட்டது. சின்னத் துளைகள் வழியே செய்த பைபாஸில் இறப்பு 0.2 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்ததில் 2.1. பத்து மடங்கு. திறந்து செய்தது ஆபத்து என்று இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. உடல் மிகவும் மோசமாக இருந்தவர்களுக்குத்தான் வயிற்றைத் திறக்க வேண்டி வந்திருக்கும்.

இன்னொன்று, ஸ்லீவ் பிறந்த கதை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கும் முறை அது. இன்று அதுதான் உலகில் அதிகம் செய்யப்படுவது. ஆனால் அதைத் தனிச் சிகிச்சையாக யாரும் நினைக்கவில்லை. உடல் நிறை எண் 60-ஐத் தாண்டியவர்களுக்குக் குடலையும் மாற்றித் தைக்கும் பெரிய அறுவை சிகிச்சையை ஒரே நாளில் செய்தபோது உயிர்கள் போயின. சரி, முதலில் இரைப்பையை மட்டும் சுருக்குவோம், எடை இறங்கியபின் மீதியைச் செய்வோம் என்று 2000-ஐ ஒட்டி இரண்டாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்திலேயே பலருக்குப் போதுமான அளவு எடை இறங்கியது. இரண்டாம் கட்டத்துக்கு அவர்கள் வரவே இல்லை. நானும் அந்த வராதவர்களில் ஒருவன்.

உங்கள் தம்பிக்குச் சொல்லியிருப்பது ஒரு கட்டமா, இரண்டு கட்டமா? கேட்டீர்களா?

பிப்ரவரி 6, இரவு 11.15

சித்தப்பாக்களுக்காக ஒரு குறிப்பு. அவர்களுடைய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960-களிலும் 70-களிலும் சிறுகுடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை இணைக்கும் ஒரு முறை இருந்தது. எடை மளமளவென்று இறங்கும். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு. பலர் அதனாலேயே செத்தார்கள். அந்த முறையைக் கைவிட்டாயிற்று. இரைப்பைப் பைபாஸை எட்வர்டு மேசன் 1966-இல் தொடங்கினார். துளை வழியாக அதைச் செய்யத் தொடங்கியது 1994-இல்தான். ஆக, சித்தப்பா இளைஞராக இருந்தபோது கேள்விப்பட்டது வேறு அறுவை சிகிச்சை. அவரிடம் கோபப்படாதீர்கள்.

பிப்ரவரி 8, காலை 10.00

“உங்களுக்கு எப்படிப் போனது?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனையில் என்னை முதலில் எடை பார்க்க முடியவில்லை. அவர்களிடம் இருந்த இயந்திரம் 150 கிலோவுக்கு மேல் காட்டாது. இரண்டு இயந்திரங்களை ஒட்டிப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து நிற்கச் சொன்னார்கள். ஒன்றில் 91, மற்றதில் 87. செவிலியர் காகிதத்தில் கூட்டிப் போட்டார். கூட்டி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் நீர் உணவு மட்டும். பசியைப் பழக்குவதற்கு என்று நினைத்தேன். அதற்கு இல்லையாம். என்னைப் போன்றவர்களின் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி, இரைப்பைக்கு மேலே கவிழ்ந்து கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் மேல்முனை தெரியும். இரண்டு வாரம் கொழுப்பும் மாவும் இல்லாமல் இருந்தால் அது சுருங்கிவிடும். ஆறாம் நாள் இரவு ஏமாற்றினேன், ஒப்புக்கொள்கிறேன். மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, “கல்லீரலிடம் நீங்களே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்றார்.

அந்த மயக்க மருந்து டாக்டரைத்தான் நான் கடவுள் ஸ்தானத்தில் வைத்திருக்கிறேன். சுவாசக் குழாயை இறக்குவது இந்த உடம்பில் லேசான காரியமில்லை. மல்லாக்கப் படுத்தால் மார்பின் பாரமே மூச்சை அமுக்கும். முதுகுக்கும் தோளுக்கும் கீழே துணி மடிப்புகளை அடுக்கிச் சரிவு போலக் கட்டினார். காதின் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வரும்வரை விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் போதும் என்றபோது, “எனக்குப் போதாது” என்று இன்னும் ஒரு மடிப்பைச் செருகினார். நான் கடைசியாகக் கேட்டது அந்தச் சொல்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அன்று மாலையே நடக்க வைத்தார்கள். நான்காம் நாள் வீடு. ஐந்தாம் நாள் இரவுதான் சங்கதி.

பிப்ரவரி 8, மதியம் 2.40

ஐந்தாம் நாள் இரவு. வலி பெரிதாக இல்லை. இடது தோளில் மட்டும் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல. உட்கார்ந்தாலும் சரியில்லை, படுத்தாலும் சரியில்லை. மனைவி என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். ஆக்சிஜன் 95. கீழே நாடி 124. கருவி சரியில்லை என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தாள்: 82. மறுபடி என் விரல்: 126. அப்புறம் கருவியை வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணினாள். ஒரு நிமிடம் முழுக்க. எண்ணி முடித்ததும் எத்தனை என்று எனக்குச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

இரவுப் பணியில் இருந்த மருத்துவர் “வாயுத் தொல்லையாக இருக்கும், நடக்கச் சொல்லுங்கள்” என்றார். நான் நடந்தேன். காலை வரை நடந்தேன். அது என் முட்டாள்தனம்.

ஸ்லீவில் வெட்டிய விளிம்பு முழுக்க உலோகத் தையல்கள். உணவுக்குழாயோடு சேரும் மேல்முனைக்குச் சற்றுக் கீழே அந்தத் தையல் வரிசை கசிந்திருந்தது. கசிவு பெரும்பாலும் அங்கேதான் வருமாம். ஒல்லியான ஆளுக்குக் குடலில் ஓட்டை விழுந்தால் வயிறு பலகை போல இறுகும், தொட்டால் துள்ளுவார். எங்களுக்கு அப்படித் தெரியாது. அத்தனை கொழுப்புக்கு அடியில் நடப்பதைக் கையால் அமுக்கிக் கண்டுபிடிக்க முடியாது. உடம்பு தரும் முதல் அடையாளம் பல சமயம் நாடித் துடிப்பு மட்டுமே. சும்மா படுத்திருக்கும்போது 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை கசிவு அல்லது நுரையீரல் ரத்தக் கட்டி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காலைவரை காத்திருக்கும் விஷயமே இல்லை.

மறுநாள் ஸ்கேன், வயிற்றில் வடிகுழாய், உள்ளே கசிவை மறைக்க ஒரு ஸ்டென்ட் குழாய், மூக்கு வழியாக ஐந்து வாரம் உணவு. பிழைத்தேன்.

பிப்ரவரி 8, இரவு 8.10

மேலே எழுதியதைப் படித்தால் அந்த மருத்துவமனையைத் திட்டுவது போல இருக்கிறது. அதே இடத்தில் நடந்த இன்னொன்றையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு ஒரு பெண் அளவு நாடாவோடு வந்தார். படுக்க வைத்து, இரண்டு கையையும் ஒட்டி வைத்து, அகலத்தை அளந்தார். எதற்கு என்றேன். “ஸ்கேன் இயந்திரத்துக்குள் நுழைவீர்களா என்று பார்க்க” என்றார். முகம் எரிந்தது. சவப்பெட்டிக்கு அளவெடுப்பது போல இருக்கிறது என்று மனைவியிடம் கத்தினேன். ஆனால் ஆறாம் நாள் காலை என்னை நேரே சரியான இயந்திரத்துக்குக் கொண்டு போனார்கள். பழைய இயந்திரங்களில் மேசை 200 கிலோ அளவுக்குத்தான் தாங்கும், துளையின் விட்டம் 70 சென்டிமீட்டர்தான். நுழைய முடியாது என்று ஆபத்தான நேரத்தில் தெரிந்து என்ன பயன்? பருமனானவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரின் சுவரில் தொங்கும் சான்றிதழ்களை அல்ல, மேசையின் அடியில் ஒட்டியிருக்கும் எடை வரம்பை.

சான்றிதழைக் கேலி செய்தேன், ஆனால் கை முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகனில் 20 அறுவை சிகிச்சை மருத்துவர்கள் தாங்கள் செய்த பைபாஸின் வீடியோவைக் கொடுத்தார்கள். யாருடையது என்று சொல்லாமல் சக மருத்துவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால் பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால் பங்கினருக்கு 5.2. 2013-இல் வெளியானது. “ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அதில் 60-க்கு மேற்பட்ட எண் உள்ளவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கசிந்தது” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டர் என்றால் அதுவே ஒரு பதில்.

பிப்ரவரி 9, காலை 6.45

“இறப்பு 0.3 சதவீதம்” என்று 5-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு அப்போது இதைவிட அதிகமான ஆபத்து இருந்தது. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து கேள்விகளில் ஆபத்தைக் கணிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, 2007-இல் வந்தது. உடல் நிறை எண் 50 அல்லது அதற்கு மேலா? ஆணா? வயது 45 அல்லது அதற்கு மேலா? ரத்த அழுத்தமா? நுரையீரலில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்புகள் உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பைபாஸ் செய்த 4,431 பேரிடம் சோதித்தபோது, சுழியமோ ஒன்றோ வாங்கியவர்களில் 0.2 சதவீதம் இறந்தார்கள். இரண்டு, மூன்று வாங்கியவர்களில் 1.2. நான்கு, ஐந்து என்றால் 2.4. நான் நான்கு. அதாவது ஏறக்குறைய 42 பேரில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் எதிலும் இவ்வளவு மதிப்பெண் வாங்கியதில்லை.

உங்கள் தம்பிக்கு மூன்று வருகிறது: எடை, ஆண், ரத்த அழுத்தம். வயது அவர் பக்கம் இருக்கிறது. ஐந்தாவதை டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு முரண்பாடு உண்டு, யாராவது பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்ன 2009 ஆய்வில் வயதும் ஆண் பெண் வேறுபாடும் பெரிதாக வரவில்லை. இந்த மதிப்பெண்ணில் வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகிற இடம் எடையின் உச்சமும் ரத்தக் கட்டியும்தான். இரண்டுமே பழைய கணக்குகள். அதன்பின் கருவிகளும் கவனிப்பும் மேம்பட்டிருக்கின்றன. ஆகவே 2.4 என்பதை இன்றைய விலையாகப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். ஆனால் மூன்று வாங்கியவருக்கும் சுழியம் வாங்கியவருக்கும் இடையே உள்ள தூரத்தை மறக்க வேண்டாம். “பித்தப்பை போலத்தான்” என்ற சொல்லில் அந்தத் தூரம்தான் காணாமல் போகிறது.

பிப்ரவரி 9, இரவு 9.55

“அப்படியென்றால் செய்யாமலே இருக்கலாமே” என்கிறார் ஒருவர். இருக்கலாம். ஆனால் சும்மா இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதை யாரும் மேசையில் வைப்பதில்லை.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போன்ற உடல்நிலையில் செய்துகொள்ளாத 2,037 பேரையும் பின்தொடர்ந்து வருகிறார்கள். செய்துகொண்டவர்கள் மூன்று ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2020-இல் வெளியிட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு ஐந்தரை ஆண்டுகள் குறைவு. முதல் பாதியை மட்டும் விளம்பரம் போடும், இரண்டாம் பாதியை மட்டும் சித்தப்பா போடுவார். அங்கே செய்யப்பட்டவை பெரும்பாலும் இன்று வழக்கொழிந்த முறை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மூன்று ஆண்டு என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை, உண்மையைச் சொன்னால். மதிலைப் பிடிக்காமல் தெருமுனைக்குப் போவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் குறித்துக்கொண்டார், சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11, காலை 8.30

எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றி நான்கு கேள்விகள். அவற்றில் ஒன்றான டிர்செபடைடின் பெரிய ஆய்வு 2022-இல் வந்தது. அதிக அளவில் எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. 194-இல் ஐந்தில் ஒன்று போனால் 155. நல்லதுதான். ஆனால் நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. உச்சத்தில் இருப்பவர்களுக்கு இது மாற்று என்பதைவிட அறுவை சிகிச்சைக்கு முன் ஆபத்தைக் குறைக்கும் படிக்கட்டாகப் பயன்படலாம் என்பது என் எண்ணம். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் உள்ளே உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ஊசி போடுகிறவர் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11, இரவு 10.20

எல்லாரும் மேசையைப் பற்றியே கேட்கிறீர்கள். மேசையில் மூன்று மணி நேரம்தான். அதற்குப் பிறகு இருக்கிறது மீதி வாழ்க்கை முழுதும்.

கசிவுக்காகப் படுத்திருந்தபோது அடுத்த அறையில் ஒரு பெண். அவருக்குக் கசிவு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனபின் ஓயாத வாந்தி. மூன்று வாரம். “முதலில் அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டார்கள். பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார், நடந்தால் தள்ளாடினார். வேறெங்கோ குளுக்கோஸ் ஏற்றினார்கள், நிலைமை இன்னும் மோசமானது. வைட்டமின் பி1, அதாவது தையமின், உடம்பில் சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்த நிலையில் தையமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். நான் பார்த்தபோது அவர் கண்கள் ஓர் இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. அவர் மகள் என்னிடம், “அம்மா என்னைப் பார்க்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை” என்றாள்.

நடை பெருமளவு திரும்பியது. நினைவு முழுதாகத் திரும்பவில்லை.

ஆகவே, அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள் விடாமல் வாந்தி என்றால் அது சகித்துக்கொள்ளும் விஷயமில்லை. தையமின் கொடுத்தீர்களா என்று நீங்களே கேளுங்கள். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. பைபாஸ் என்றால் இன்னும் கண்டிப்பு. பைபாஸ் செய்தவர் புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, புகைக்கவும் கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும். எடை வேகமாக இறங்கும்போது பித்தக்கல் வரும் என்பதால் முதல் ஆறு மாதம் அதற்கும் ஒரு மாத்திரை. எந்தப் பித்தப்பையோடு ஒப்பிட்டார்களோ அதையே கடைசியில் எடுக்க வேண்டி வருபவர்களும் உண்டு.

பிப்ரவரி 12, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன், வேண்டுமென்றே.

அமெரிக்காவின் யூட்டாவில் 2007-இல் வந்த ஆய்வு. பைபாஸ் செய்தவர்களிடம் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைவு. சர்க்கரை நோயால் இறப்பது ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆனால் விபத்து, தற்கொலை போன்றவற்றால் இறப்பு 58 சதவீதம் அதிகம். பைபாஸுக்குப் பின் மது பழக்கம் கூடுவதும் பதிவாகியிருக்கிறது. குடித்தது ரத்தத்தில் சட்டென்று ஏறும்.

என்னைக் கேட்டால் காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 178-இலிருந்து 112-க்கு வந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். சாப்பாடுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. எட்டாம் மாதம் ஒரு மாலை, காரணமே இல்லாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். மனநல ஆலோசகரிடம் போனேன், இன்னும் போகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் மனநலப் பரிசோதனை என்று ஒன்று வைப்பார்கள். அதைத் தேர்வு என்று நினைத்துச் சரியான பதில் சொல்லித் தேறிவிட்டேன். தம்பியிடம் சொல்லுங்கள், அதில் தேற முயற்சிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்லட்டும்.

இப்போது எடை 121. ஒன்பது கிலோ திரும்பிவிட்டது. நெஞ்செரிச்சலுக்கு தினம் மாத்திரை, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திப் படுக்கிறேன். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது வரும் என்று முன்பே சொன்னார்கள். அப்போது காதில் விழவில்லை.

பிப்ரவரி 12, மதியம் 1.30

“மறுபடி வாய்ப்புக் கொடுத்தால் செய்துகொள்வீர்களா?” செய்துகொள்வேன். ஐந்தாம் நாள் இரவு மட்டும் நடக்க மாட்டேன், நேரே மருத்துவமனை.

பிப்ரவரி 19, இரவு 9.05

உங்கள் செய்தியைப் பார்த்தேன். இரண்டு கட்டமாகச் செய்யப்போகிறார்கள் என்பது நல்லது. தூக்கத்தில் மூச்சுத்தடைக்கு இரவில் காற்றழுத்தக் கருவி மாட்டச் சொல்லி ஆறு வாரம் தள்ளிப்போட்டதற்கு அம்மா வருந்துகிறார் என்கிறீர்கள். வருந்த வேண்டாம், எனக்கு அந்த டாக்டர் மேல் மரியாதை கூடியிருக்கிறது. கருவி முதல் வாரம் மூச்சு முட்டுவது போல இருக்கும், மூக்கு உலரும், தம்பி கழற்றி எறிவார். திரும்ப மாட்டிவிடுங்கள்.

நடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 120 அடியில் நின்றுவிட்டார், அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம் என்று. நானும் அப்படித்தான் செய்தேன். வாரம் ஒரு முறை நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போடுங்கள். அவர் பார்க்காதபோது தள்ளினாலும் கண்டுபிடித்துவிடுவார், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டே தள்ளுங்கள்.

பிப்ரவரி 19, இரவு 9.20

விட்டுப்போனது: கை வைத்த நாற்காலி வேண்டாம். உட்கார்ந்தால் எழும்போது அதுவும் கூடவே வரும்.